தளர்ந்த இதயத்தை இயந்திரம் தாங்குமா?

கிறிஸ்துவுக்குள் பிரியமான பங்காளர்களே,

ஜெபத்தாலும் காணிக்கையாலும் இந்த ஊழியத்தைத் தாங்கி வரும் உங்களில் சிலர் அண்மையில் ஒரே விதமான கடிதத்தை எங்களுக்கு எழுதியிருந்தீர்கள். "பெரிய மருத்துவமனைகளில் எக்மோ என்று ஓர் இயந்திரம் இருக்கிறதாமே, ஓய்ந்துபோன இதயத்தின் வேலையை அதுவே செய்யுமாமே. நம் மருத்துவமனைக்கும் அப்படி ஒன்று வாங்க நாங்கள் உதவலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் அன்புக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வரியில் பதில் எழுதக்கூடிய கேள்வி அல்ல இது. ஆகவே இந்த இதழில் சற்று விளக்கமாக எழுதுகிறோம்.

இதே கேள்வியை ஒரு மகன் எங்கள் அவசரப் பிரிவின் வாசலில் நின்று கேட்டார். அவர் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர். அவருடைய தகப்பனாருக்கு வயது 58. முப்பது ஆண்டுகள் சாயப்பட்டறையில் உழைத்தவர். முந்தின நாள் சாயங்காலம் அவருக்கு நெஞ்சை அடைத்திருக்கிறது. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்தார், சோடா குடித்தார், படுக்க முடியாமல் இரவு முழுவதும் உட்கார்ந்தே கழித்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு எங்களிடம் வந்தபோது கைகால்கள் சில்லிட்டிருந்தன. இரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. இரவிலிருந்து சிறுநீர் பிரியவில்லை. எக்கோ எடுத்துப் பார்த்தோம். இதயம் துடித்தது, ஆனால் இரத்தத்தைத் தள்ளும் பலம் அதற்கு இல்லை.

"டாக்டருங்க, அம்மாவுக்கு அப்பல்லோவுல வெச்சாங்களே, அந்த எக்மோ மிஷினை எங்கய்யனுக்கும் வெக்க முடியாதுங்களா? வீட்டை வித்தாவது கட்டீர்றமுங்க" என்றார் அந்த மகன்.

அவருக்கு நாங்கள் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் எழுதுகிறோம்.

இதயம் தளர்வது என்றால் என்ன?

கைமுட்டி அளவுள்ள நம் இதயம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை உடம்பெங்கும் அனுப்புகிறது. இதயத்தின் இடது கீழறை நிரம்பியதும், அதிலுள்ள இரத்தத்தில் பாதிக்கும் மேலாக, அதாவது 55 முதல் 70 சதவீதம் வரை, ஒரே துடிப்பில் வெளியே தள்ளிவிட வேண்டும். எக்கோ பரிசோதனையில் நாங்கள் முக்கியமாகப் பார்ப்பது இந்த அளவைத்தான். இது 40க்குக் கீழே இறங்கினால் இதயம் நன்றாகத் தளர்ந்துவிட்டது என்று பொருள். அந்தத் தகப்பனாருக்கு இது 15 ஆக இருந்தது.

இதயம் தளர்வதற்குப் பல காரணங்கள் உண்டு. மாரடைப்பு வந்து இதயத் தசையின் ஒரு பகுதி செத்துப்போகலாம். வருஷக்கணக்காகக் கவனிக்காமல் விட்ட இரத்த அழுத்தமும் சர்க்கரையும் காரணமாகலாம். சிறு வயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலால் வால்வு கெட்டுப்போயிருக்கலாம். பிரசவத்தை ஒட்டிச் சில தாய்மாருக்கு இதயம் பலவீனமாகிவிடுகிறது. வைரஸ் காய்ச்சல் சிலருக்கு இதயத் தசையையே வீங்கச் செய்துவிடுகிறது.

தளர்ச்சி மெல்ல மெல்ல வந்தால் மருந்துகளால் பல வருஷம் காப்பாற்றலாம். ஆனால் மிகவும் கடுமையாகி, மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போதிய இரத்தம் போகாத நிலை வரும்போது மருந்து மட்டும் போதாமல் போகலாம். அந்தக் கட்டத்தில்தான் இயந்திரத்தைப் பற்றிய பேச்சு வருகிறது.

இயந்திரங்கள் எப்படி வேலை செய்கின்றன?

இவற்றுக்கெல்லாம் முன்னோடி, அறுவை சிகிச்சையின்போது இதயத்தையும் நுரையீரலையும் நிறுத்திவைத்து அவற்றின் வேலையைச் செய்த இயந்திரம். 1953 மே மாதம் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜான் கிப்பன் என்ற மருத்துவர் அதை வெற்றியாகப் பயன்படுத்தினார். சில மணி நேரம் அப்படித் தாங்க முடியுமானால் சில நாட்கள் தாங்க முடியாதா என்று பின்னால் வந்தவர்கள் யோசித்தார்கள். அதன் பலனாக இன்று பல கருவிகள் இருக்கின்றன.

முதலாவது பலூன் பம்ப். தொடையிலுள்ள இரத்தக்குழாய் வழியாக நீண்ட பலூன் ஒன்றை இதயத்துக்குச் சற்றுக் கீழேயுள்ள பெருநாடிக்குள் வைக்கிறார்கள். இதயம் ஓய்வெடுக்கும் நொடியில் அது ஹீலியம் வாயுவால் விரிந்து, இதயத்தின் சொந்த இரத்தக்குழாய்களுக்குக் கூடுதல் இரத்தம் போகச் செய்கிறது. இதயம் சுருங்கும் நொடியில் அது சுருங்கி வழிவிடுகிறது. 1967இல் அமெரிக்காவில் ஏட்ரியன் காண்ட்ரோவிட்ஸ் இதை முதலில் நோயாளிகளுக்கு வைத்தார். இது ஒரு சிறிய கைத்தாங்கல் மாத்திரமே.

இரண்டாவது, பேனாவைப் போல் மெல்லிய ஒரு சிறு பம்ப். தொடை வழியாகச் சென்று இதயத்தின் இடது அறைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். அதற்குள் சுழலும் சிறு சக்கரம் அறையிலுள்ள இரத்தத்தை உறிஞ்சிப் பெருநாடியில் விடும். இம்பெல்லா என்ற பெயரில் இது வருகிறது.

மூன்றாவது எக்மோ. தொடையிலுள்ள பெரிய சிரை வழியாக அசுத்த இரத்தத்தை வெளியே எடுத்து, ஒரு பம்ப் மூலம் செயற்கை நுரையீரல் ஒன்றுக்குள் செலுத்துகிறார்கள். அங்கே கரியமிலவாயு நீங்கிப் பிராணவாயு சேருகிறது. சுத்தமான அந்த இரத்தத்தைத் தமனிக்குள் திருப்பி அனுப்புகிறார்கள். நிமிடத்துக்கு 3 முதல் 5 லிட்டர் வரை இப்படி ஓட்ட முடியும். இதயம் ஏறக்குறைய நின்றுவிட்டாலும் உடம்பு உயிரோடு இருக்கும்.

எக்மோவில் இரண்டு வகை உண்டு. இப்போது சொன்னது இதயத்துக்கானது. 2016 டிசம்பர் 4ஆம் தேதி, அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா அவர்களுக்கு இதயத்துடிப்பு நின்றபோது பொருத்தப்பட்டது இந்த வகை. மறுநாள் இரவு அவர் காலமானார். நுரையீரல் மட்டும் கெட்டிருந்தால், சுத்தம் செய்த இரத்தத்தைத் தமனியில் விடாமல் சிரையிலேயே திருப்பி விடுவார்கள். 2020இல் கொரோனா நோயால் பாதிக்கப்பட்ட பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அவர்களுக்கு எக்மோ தேவைப்பட்டது நுரையீரலுக்காக. அவரும் பல வாரப் போராட்டத்துக்குப் பின் செப்டம்பர் 25ஆம் தேதி மறைந்தார். எக்மோ என்ற சொல் தமிழ்நாட்டின் வீடுகளுக்குள் வந்தது இந்த இரு செய்திகளின் மூலம்தான். அதனாலேயே சிலர் அதை அற்புத இயந்திரம் என்கிறார்கள். சிலர் சாவின் அறிகுறி என்கிறார்கள். இரண்டுமே சரியல்ல.

கரண்ட் வரும் வரை ஜெனரேட்டர்

நம் ஊர்க்காரர்களுக்கு நாங்கள் இதைச் சொல்லும் விதம் ஒன்று உண்டு. 2012ஆம் ஆண்டுவாக்கில் திருப்பூரில் தினமும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததை எல்லோரும் அறிவோம். கம்பெனிகளில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. எத்தனை மணி நேரத்தில் கரண்ட் திரும்பும் என்று ஒரு கணக்கு இருந்ததால்தான் முதலாளிகள் டீசல் ஊற்றினார்கள். கரண்ட் திரும்பவே திரும்பாது என்றால் எத்தனை நாள் ஊற்ற முடியும்? நிட்டிங் மெஷினே எரிந்துபோயிருந்தால் ஜெனரேட்டர் ஓடி என்ன பயன்?

எக்மோவும் அப்படித்தான். அது இதயத்தைக் குணமாக்குவதில்லை. நாட்களை வாங்கித் தருகிறது. அந்த நாட்களுக்குள் மூன்றில் ஒன்று நடக்க வேண்டும். இதயம் தானாகவே தேறி வர வேண்டும். அல்லது அடைப்பு, வால்வு போன்ற கோளாறைச் சரிசெய்ய முடிய வேண்டும். அல்லது மாற்று இதயமோ நிரந்தரப் பம்போ கிடைக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்றுக்கும் வழியில்லை என்றால், இயந்திரம் வேதனையை நீட்டுமே தவிர ஆயுளை நீட்டாது.

ஆராய்ச்சிகளும் இதையே காட்டுகின்றன. மாரடைப்பால் இரத்த ஓட்டமே குலைந்துபோனவர்களுக்கு எக்மோ உதவுகிறதா என்று சுமார் 420 நோயாளிகளை வைத்துச் சோதித்து, 2023இல் முடிவை வெளியிட்டார்கள். 30 நாட்களுக்குள் இறந்தவர்கள், எக்மோ வைத்தவர்களில் 47.8 சதவீதம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 49 சதவீதம். ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. எக்மோ வைத்தவர்களுக்கு இரத்தக்கசிவோ அதிகம். 600 பேரிடம் பலூன் பம்பைச் சோதித்து 2012இல் வெளியான ஆராய்ச்சியும் அது உயிரிழப்பைக் குறைக்கவில்லை என்றே சொன்னது.

இதயத்துக்குள் வைக்கும் சிறு பம்ப் மட்டும் 2024இல் நல்ல பலனைக் காட்டியது. ஆறு மாதத்தில் இறந்தவர்கள் பம்ப் வைத்தவர்களில் 45.8 சதவீதம், வைக்காதவர்களில் 58.5 சதவீதம். ஆனால் அந்த ஆராய்ச்சியில் மாரடைப்பால் நினைவிழந்து கிடந்தவர்களைச் சேர்க்கவில்லை. அங்கேயும் இரத்தக்கசிவு, கால் இரத்தக்குழாய்ப் பாதிப்பு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை பம்ப் வைத்தவர்களுக்கே அதிகமாக இருந்தன. சரியான ஆளைச் சரியான நேரத்தில் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பது இதனால் விளங்குகிறது.

ஆறு நாட்கள்

அப்படிச் சரியான நேரத்தில் எக்மோ கிடைத்த ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயது 24. ஒடிசாவிலிருந்து வந்து விடுதியில் தங்கி, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்தவர். நான்கு நாள் காய்ச்சலோடு வேலைக்குப் போய், மேஜையருகே மயங்கி விழுந்தார். உடன் வேலை செய்த பெண்கள் உடனே ஆட்டோவில் எங்களிடம் கொண்டுவந்தார்கள். இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்தபோது இதயத் தசை வீங்கியிருப்பது தெரிந்தது. அடைப்பு இல்லாத இளம் இதயம். சில நாட்கள் தாங்கிப் பிடித்தால் திரும்பி வரக்கூடியது. ஒன்றரை மணி நேரத்துக்குள் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டோம். உடன் பணிபுரிந்த ஒரு பெண், ஒடிசாவிலிருந்த தாயாரிடம் போனில் அவர்கள் மொழியிலேயே எல்லாவற்றையும் விளக்கிச் சம்மதம் வாங்கினார்.

அங்கே அன்றிரவே எக்மோ வைத்தார்கள். ஆறாம் நாள் இதயம் தேறியது, இயந்திரத்தை எடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து அவர் நடந்து வந்து எங்கள் வார்டு சகோதரிகளைப் பார்த்துவிட்டுப் போனார். செலவில் ஒரு பங்கைக் கம்பெனியும், ஒரு பங்கை உடன் வேலை செய்தவர்களும் கொடுத்தார்கள். மீதியை நீங்கள் அனுப்பிய ஏழை நோயாளர் நிதியிலிருந்து கொடுத்தோம்.

அந்தப் பெண்ணுக்கு அக்கரை இருந்தது. இயந்திரம் பாலமாக நின்றது.

நிரந்தரப் பம்பும் மாற்று இதயமும்

இதயம் திரும்பி வராது, ஆனால் மற்ற உறுப்புகள் நன்றாக இருக்கின்றன என்றால், இடது இதயத்தோடு நிரந்தரமாகப் பொருத்தும் பம்ப் ஒன்று உண்டு. பம்ப் நெஞ்சுக்குள் இருக்கும். அதன் மின்கம்பி வயிற்றுத் தோலைத் துளைத்து வெளியே வந்து, இடுப்பிலோ தோளிலோ மாட்டிய பேட்டரிகளோடு சேரும். இரத்தம் விட்டுவிட்டுப் பாயாமல் ஒரே சீராக ஓடுவதால், இப்படிப்பட்டவர்களில் பலருக்குக் கையைப் பிடித்துப் பார்த்தால் நாடியே தெரியாது. 2001இல் வெளியான முதல் பெரிய ஆராய்ச்சியில், ஓராண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் பம்ப் வைத்தவர்களில் 52 சதவீதம். மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 25 சதவீதம். இன்றைய பம்புகளோடு ஐந்து ஆண்டுகள் வாழ்பவர்கள் பாதிக்கும் மேல் என்று 2022இல் வெளியான கணக்கு சொல்கிறது.

ஆனால் அதன் விலை பல பத்து லட்ச ரூபாய். இரத்தம் உறையாதிருக்க மாத்திரையும், அதற்கான இரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுவதும் வேண்டும். கம்பி வெளிவரும் இடத்தில் கிருமி தொற்றக்கூடாது. பேட்டரிக்கு மின்சாரம் தவறக்கூடாது. ஒரே அறையில் ஐந்தாறு பேர் தங்கும் லைன் வீட்டில் இது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கே தெரியும்.

மாற்று இதயம் இன்னொரு வழி. இந்தியாவில் முதலாவது வெற்றியான இதய மாற்று அறுவை சிகிச்சை 1994 ஆகஸ்டில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் வேணுகோபால் தலைமையில் நடந்தது. தமிழ்நாட்டில் 2008இல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவன் பெற்றோர் தானம் செய்தார்கள். அவன் இதயம் ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. உறுப்பு தானம் என்பது நம் மக்கள் எல்லோரும் அறிந்த காரியமானது அதன் பிறகுதான். ஆனாலும் காத்திருப்போர் அதிகம்; கிடைக்கும் இதயங்கள் கொஞ்சம்.

நாம் ஏன் வாங்கவில்லை?

எக்மோ இயந்திரத்தை ஒரு தடவை பணம் கொடுத்து வாங்கிவிடலாம். ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் புதிய குழாய்களும் செயற்கை நுரையீரலும் வேண்டும். இரவும் பகலும் பக்கத்திலேயே ஒரு நர்ஸ், இயந்திரத்தை ஓட்டப் பயிற்சி பெற்ற ஒருவர், இதய அறுவை மருத்துவர், தயாராக இரத்த வங்கி, இவ்வளவும் வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து கொடுத்தால் கசிகிறது. குறைத்தால் குழாயில் உறைகிறது. காலுக்கு இரத்தம் போகாமல் காலையே இழக்க நேரிடலாம், பக்கவாதம் வரலாம். அடிக்கடி செய்து பழகிய கைகளுக்கே இது கடினம். வருஷத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் செய்கிற இடத்தில், அந்த ஒன்றிரண்டு பேரும் ஆபத்துக்குள்ளாவார்கள். ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில், கோயம்புத்தூரில் பழகிய கைகள் இருக்கின்றன.

ஆண்டவர் சொன்ன நல்ல சமாரியனை நினைத்துப் பார்க்கிறோம். வழியில் விழுந்து கிடந்தவனுக்கு அவன் மூன்று காரியம் செய்தான். காயத்தைக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனான், சத்திரக்காரனிடம் செலவுக்குப் பணம் கொடுத்தான். அவன் வழியோரத்தில் ஒரு சத்திரத்தைக் கட்ட முற்படவில்லை. நம் மருத்துவமனைக்குக் கர்த்தர் கொடுத்திருப்பதும் இந்த மூன்று வேலைகளே என்று நாங்கள் நம்புகிறோம்.

முதலாவது, காயம் கட்டுவது. எந்த நேரம் நெஞ்சுவலி என்று வந்தாலும் பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டும், தகுந்தவர்களுக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி தாமதமில்லாமல் போட வேண்டும். இரண்டாவது, வாகனம். பிராணவாயுவும், அதிர்ச்சி கொடுத்து இதயத்தைத் துடிக்கவைக்கும் கருவியும், பயிற்சி பெற்ற நர்ஸும் உள்ள ஆம்புலன்ஸ். மூன்றாவது, செலவு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையோ, இ.எஸ்.ஐ.யோ உள்ளவர்களுக்கு அந்தக் காகிதங்களை உடனே தயார் செய்து கொடுக்கிறோம். பீஸ் ரேட்டில் வேலை செய்யும் பலருக்கு இவை இரண்டுமே இல்லை. அவர்களுக்குத்தான் ஏழை நோயாளர் நிதி.

இப்படிச் சிறிய இடங்களும் பெரிய இடங்களும் கைகோத்தால் பலன் உண்டு என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. கோயம்புத்தூரைச் சேர்ந்த இதய மருத்துவர் தாமஸ் அலெக்ஸாண்டர் முன்னின்று, 2012 முதல் 2014 வரை 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் இந்த ஏற்பாட்டைச் சோதித்தார். சிறிய மருத்துவமனையில் முதல் சிகிச்சை, பின் பெரிய மருத்துவமனைக்கு மாற்றம் என்ற ஒழுங்கு வந்த பிறகு, ஓராண்டுக்குள் ஏற்படும் உயிரிழப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. அரசாங்கமும் 2023 ஜூனில் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்து அனுப்ப ஏற்பாடு செய்தது.

மாத்திரையும் ஓர் இயந்திரமே

இன்னொரு காரியமும் உண்டு. 2013இல் திருவனந்தபுரத்தில் இதயத் தளர்ச்சியோடு மருத்துவமனையில் சேர்ந்த 1,205 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஓராண்டுக்குள் பத்துப் பேரில் மூவர் இறந்துபோனார்கள். இதயம் தள்ளும் பலம் குறைந்திருந்தவர்களில், வீடு திரும்பும்போது தேவையான மருந்துகளை முறைப்படி பெற்றவர்கள் நான்கில் ஒருவர் மாத்திரமே. இன்று இதயத் தளர்ச்சிக்கு நான்கு வகை மருந்துகள் இருக்கின்றன. அவற்றுள் டாபாகிளிஃப்ளோசின் 2020 இறுதியில் காப்புரிமை முடிந்ததும் நம் நாட்டில் விலை வெகுவாகக் குறைந்தது. இவற்றைத் தவறாமல் சாப்பிட்டால், எக்மோவின் வாசலுக்கே பலர் போக வேண்டியிருக்காது.

உங்கள் வீட்டிலும் கம்பெனியிலும் உள்ளவர்களுக்கு இவற்றைச் சொல்லுங்கள். நெஞ்சு அடைத்து வேர்த்தால் அதை வாயு என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். படுத்தால் மூச்சு முட்டி உட்கார்ந்தால் சரியாவதும், சாயங்காலம் கால் வீங்குவதும், மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறுவதும் இதயத் தளர்ச்சியின் அடையாளங்கள். பிரசவித்த பெண்ணுக்கு மூச்சு வாங்கினால் பஞ்சுத் தூசி என்று சொல்லிவிடாதீர்கள். இதய நோயாளிகள் ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றை ஒதுக்க வேண்டும். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்களும் மாத்திரை வேளையை விடக்கூடாது.

அந்த மகனுக்குச் சொன்ன பதில்

"தம்பி, மிஷின் வெச்சா நாள் கிடைக்கும். அந்த நாளுக்குள்ள இதயம் திரும்பி வரணும். பதினாறு மணி நேரம் ஆயிட்டதால தசை செத்துப் போச்சு, கிட்னியும் நின்னு போச்சு. கோயம்புத்தூர் டாக்டர்கிட்ட பேசியாச்சு. அடைப்பைத் திறந்து பார்க்கலாம், உடனே அனுப்புங்கன்னு சொல்றாங்க. எக்மோவால பிரயோஜனம் இருக்காதுன்னு அவங்களும் சொல்றாங்க. வீட்டை விக்க வேண்டாம்" என்று எங்கள் மருத்துவர் அவர் தோளைத் தொட்டுச் சொன்னார். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தலையை அசைத்தார்.

ஆம்புலன்ஸில் அனுப்பினோம். அடைப்பைத் திறந்தார்கள். காப்பீட்டு அட்டை அந்தச் செலவை ஏற்றது. ஆனால் மூன்றாம் நாள் விடியற்காலையில், மனைவியும் மக்களும் அருகில் இருக்க, அந்தத் தகப்பனார் கடந்து போனார். அவரைக் காப்பாற்ற முடியவில்லை என்ற துக்கம் எங்களுக்கு இன்னும் இருக்கிறது. அவர் வாழ்ந்த வீட்டில் அவர் மனைவி இன்றும் இருக்கிறார்.

இரண்டு மாதம் கழித்து அந்த மகன் மறுபடியும் வந்தார். தம்பியையும், கட்டிங் பிரிவில் உடன் வேலை செய்யும் ஒன்பது பேரையும் அழைத்து வந்திருந்தார். எல்லோருக்கும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, தேவைப்பட்டவர்களுக்கு இ.சி.ஜி. எடுத்தோம். மூன்று பேருக்கு அன்றே மாத்திரை தொடங்கினோம். அவர்களில் ஒருவர் அந்தத் தம்பி, வயது 31.

ஆகவே பிரியமானவர்களே, உங்கள் காணிக்கை எக்மோவாக மாறவில்லையே என்று வருந்தாதீர்கள். அது இரவு இரண்டு மணிக்கு எடுக்கும் இ.சி.ஜி.யாகவும், அவிநாசி சாலையில் விரையும் ஆம்புலன்ஸாகவும், மாதாமாதம் கொடுக்கும் மாத்திரையாகவும் மாறுகிறது. உண்மையாகவே பாலம் தேவைப்படும் ஒருவர் வந்தால், அவரை அதன் அருகே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இரவுப் பணியில் இருக்கும் சகோதர சகோதரிகளையும், 'இவருக்கு வேண்டாம்' என்று சொல்ல வேண்டிய பாரமான நேரங்களில் நிற்கும் மருத்துவர்களையும், அந்தப் பதிலைக் கேட்டு நிற்கும் குடும்பங்களையும் உங்கள் ஜெபங்களில் நினைத்துக்கொள்ளுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை ஊழியர்கள்